உக்கிராணச் சாவி யார் கையில்?

(மும்பையில் மூத்த உறுப்பினர்களுக்காக நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கம்ப்யூட்டரைப் பற்றிப் பேசச் சொன்ன காரியதரிசி, "எங்களுக்குப் புரிகிற மாதிரி பேசணும்" என்று ஒரு நிபந்தனையும் போட்டார். ஆகவே நமக்கெல்லாம் தெரிந்த கல்யாண வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

பந்தியில் நானூறு பேர் உட்காரலாம். கேட்டது கேட்டபடி இலைக்கு வரும். ஆனால் உக்கிராண அறைக்குள் எல்லோரையும் விடுவதில்லை. அதன் சாவி பொறுப்பான ஒரு மாமாவிடம் இருக்கும். நெய் டின் வேண்டுமென்றால் சமையற்காரரே அவரிடம் வந்து கேட்க வேண்டும்.

வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இதே ஏற்பாடு உண்டு. விண்டோஸில் இரண்டு வகைக் கணக்குகள். ஒன்று ஸ்டாண்டர்டு, அதாவது சாதாரணக் கணக்கு. ஈமெயில் பார்க்க, பேப்பர் படிக்க, பேத்தியுடன் வீடியோவில் பேச, பேங்க் வேலை பார்க்க இது தாராளமாகப் போதும். மற்றது அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு. புது மென்பொருள் போடுவது, பிரிண்டருக்கான டிரைவர் ஏற்றுவது, மற்றவர் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றுவது எல்லாம் இதன் அதிகாரம்.

புதுக் கம்ப்யூட்டரில் முதலில் திறக்கும் கணக்கே அட்மினிஸ்ட்ரேட்டர் ஆகிவிடுகிறது. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பி நாளிலிருந்து நம்மில் அநேகம் பேர் உக்கிராணத்திலேயே இலை போட்டுச் சாப்பிட்டு வருகிறோம். 2007-ல் விஸ்டா வந்தபோதுதான் திரையை மங்கலாக்கி, "இந்த மென்பொருள் மாற்றங்கள் செய்ய அனுமதிக்கலாமா?" என்று கேட்கும் வழக்கம் வந்தது. நாம் படிக்காமலேயே "எஸ்" என்று அமுக்கப் பழகிவிட்டோம். சாதாரணக் கணக்கில் இருந்தால் வெறும் "எஸ்" செல்லாது. அட்மினிஸ்ட்ரேட்டரின் பாஸ்வேர்டைக் கேட்கும். அந்த ஒரு நிமிஷத் தாமதம் நமக்கு யோசிக்க அவகாசம் தருகிறது. எந்த வேலைக்கும் அதற்குத் தேவையான அளவு அதிகாரம் மட்டுமே தர வேண்டும் என்று ஸால்ட்ஸர், ஷ்ரோடர் என்ற இரு அமெரிக்க நிபுணர்கள் 1975-லேயே எழுதி வைத்தார்கள்.

சரி, சாவி நம்மிடமே இல்லாவிட்டால்?

எங்கள் குடியிருப்பில் ஒரு மாமி. மாமா காலமான பின் ஃபேமிலி பென்ஷன் வருகிறது. 2019 நவம்பரில், ஜீவன் பிரமாண் லைஃப் சர்டிஃபிகேட்டை வீட்டிலிருந்தே கொடுத்துவிடலாம் என்று விரல்ரேகைக் கருவி ஒன்று வாங்கினார். அதன் டிரைவரை ஏற்றப் போனால், அட்மினிஸ்ட்ரேட்டர் பாஸ்வேர்டு கேட்கிறது. கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தவர் கடைக்காரப் பையன். அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு, மாமாவுக்குச் சாதாரணக் கணக்கு கொடுத்திருக்கிறான். கடையோ மூடி இரண்டு வருஷம். பிள்ளை வெளிநாட்டில். முழங்கால் வலியோடு மாமி ஆட்டோ பிடித்து பேங்குக்குப் போய் வரிசையில் நின்றார். சொந்தக் காசில் வாங்கிய கம்ப்யூட்டருக்கு அவர் விருந்தாளியாக இருந்திருக்கிறார்! பிறகு மாமாவின் ஃபோட்டோக்களையும் கடிதங்களையும் வேறு டிஸ்க்கில் பிரதி எடுத்துவிட்டு, விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தோம். (2021 நவம்பரிலிருந்து மொபைலில் முகத்தைக் காட்டியே இந்தச் சர்டிஃபிகேட்டைக் கொடுக்கலாம்.)

தில்லி, கொல்கத்தா, பெங்களூர் என்று எங்கே போனாலும் பிள்ளைகள் ஒரு ஊர், பெற்றோர் ஒரு ஊர் என்று இருப்பதால், இது எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது. இப்படி மாட்டிக்கொண்டால் முதலில் அமைத்துக் கொடுத்தவரைக் கேளுங்கள். மைக்ரோஸாஃப்ட் கணக்கானால் பதிவு செய்த மொபைல் அல்லது ஈமெயில் மூலம் பாஸ்வேர்டை மாற்றலாம். அந்தக் கம்ப்யூட்டரில் மட்டும் உள்ள கணக்கானால், திறக்கும்போது பதில் கொடுத்த ரகசியக் கேள்விகள் கைகொடுக்கும். ஒன்றும் நடக்காவிட்டால் மறுபடி விண்டோஸ் போடுவதுதான் வழி. பூட்டை உடைத்துத் தருகிறேன் என்று வரும் இலவச மென்பொருள்களைத் தொடாதீர்கள். திருடனிடம் பூட்டு ரிப்பேர் செய்யக் கொடுப்பது போலாகும். பிள்ளையின் ஆபீஸ் லேப்டாப்பில் இந்த அதிகாரம் இல்லையென்றால், அது ஆபீஸ் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு. அதில் நாம் கை வைக்கக் கூடாது.

சாவி நம்மிடம் இருக்கும்போதும் ஒரு ஆபத்து உண்டு. "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், நாங்கள் சரி செய்கிறோம்" என்று ஃபோன் வரும். தூரத்திலிருந்தே நம் திரையைப் பார்த்து இயக்கும் மென்பொருள் ஒன்றைப் போடச் சொல்வார்கள். மொபைலில் இப்படிப்பட்ட செயலி மூலம் பணம் எடுப்பதைப் பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரித்தது. இந்த வகை மென்பொருள்களில் சில, அட்மினிஸ்ட்ரேட்டர் அதிகாரம் இல்லாமலும் ஓடும். ஆகவே சாதாரணக் கணக்கு மட்டும் நம்மைக் காப்பாற்றிவிடாது. நாமாகக் கூப்பிடாத யாருக்காகவும் எதையும் போடுவதில்லை, பாஸ்வேர்டு அடிப்பதில்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். பணம் போய்விட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் பகுதிக்குப் போய், புதிதாக ஒரு கணக்கு திறந்து அதை அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்குங்கள். வெளியே வந்து, புதுக் கணக்கில் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். இந்தப் பரீட்சை முடிந்த பிறகே, அங்கிருந்தபடி உங்கள் பழைய கணக்கைச் சாதாரணக் கணக்காக மாற்ற வேண்டும். உங்கள் ஃபைல்களும் ஃபோட்டோக்களும் இருந்த இடத்திலேயே இருக்கும். தினசரி வேலை பழைய கணக்கில். புது மென்பொருள் போடும் நாளில் மட்டும் மற்றதன் பாஸ்வேர்டு.

தமிழில் அடிப்பதற்கென்று மென்பொருள் தேடி அலைய வேண்டியதில்லை. 2019-லிருந்து விண்டோஸிலேயே தமிழ் ஒலிப்பு முறை விசைப்பலகை இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஃபிக்ஸட் டெபாசிட், இன்ஷூரன்ஸ் விவரமெல்லாம் எழுதும் நோட்டு ஒன்று எல்லார் வீட்டிலும் உண்டு. அதில் ஒரு பக்கம் ஒதுக்கி அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கின் பெயர், பாஸ்வேர்டு, அதோடு இணைந்த மொபைல் எண் மூன்றையும் எழுதி, பீரோவில் பூட்டி வையுங்கள். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் உங்கள் கம்ப்யூட்டரில் இயங்கினால், அதன் 48 இலக்க மீட்பு எண்ணையும் சேர்த்து எழுதுங்கள். அது இல்லாமல் பூட்டிக்கொண்ட டிஸ்க்கை எந்த நிபுணராலும் திறக்க முடியாது.

எழுதிய பிறகு ஆத்துக்காரியை, அல்லது ஆத்துக்காரரை, பக்கத்தில் உட்கார வைத்து ஒரு தடவை அவர் கையாலேயே அந்தக் கணக்கில் நுழையச் சொல்லுங்கள். நம் வீடுகளில் இந்த விவரம் பெரும்பாலும் ஒருவர் தலையில் மட்டும் இருக்கிறது. இருவருக்கும் தெரிந்திருப்பது, பின்னால் தனியாக இருக்க நேர்பவருக்கு நாம் இன்றே செய்து வைக்கும் உபகாரம்.