பெயர்ப் பதிவும் குறிப் பதிவும்



கல்முனைப் பகுதியின் புகழை வெளியூர்களுக்குச் சுமந்து செல்வது மருதமுனைக் கைத்தறிச் சாறன். அதை நெய்வோர் உழைப்பால் தேடிய நற்பெயரைக் காப்பது எங்ஙனம்? இதுபற்றியே மாணவர்களாகிய நாங்கள் சில சொல்ல விழைகின்றோம்.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்து, அச்சான்றிதழைக் கடைச் சுவரில் மாட்டிவிட்டால், அப்பெயர் தமக்கே உரிமையாயிற்று என நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. 1918ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் எழுந்த அப்பதிவு, இன்று மாகாணந்தோறும் நடைபெறுகிறது. கடையை நடத்துபவர் யார் என்பதைப் பிறர் அறியச் செய்வதே அதன் நோக்கம். சாறனில் ஒட்டும் முத்திரைக்கு அது காவலாகாது.

வியாபாரக் குறியோ வேறு. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்திற் பதியப்படுவது அது. அதன் உரிமை நாடு முழுவதும் செல்லும். பத்தாண்டுக்கொரு முறை புதுப்பித்துக்கொள்ளலாம். பதிவு பொருள்வகைப்படி நிகழ்வது. உடைகளுக்குரியது 25ஆம் வகுப்பு. பதியாத குறிக்கும் நீதிமன்றத்தில் வழியுண்டு. ஆயினும், நெடுநாட் பாவனையையும் நற்பெயரையும் நிரூபிக்கும் பாரம் உரியவர் தலையிலேயே விழும். ஏழை நெசவாளர் அதனைத் தாங்குவரோ?

அமெரிக்காவிலும் இத்தகைய இருமை உண்டு. அங்கே மாநிலப் பதிவு அம்மாநில எல்லையோடு நின்றுவிடும். நாடு தழுவிய பதிவுக்கென 1870இல் இயற்றிய சட்டத்தை 1879இல் உயர்நீதிமன்றம் செல்லாதென்றது. இன்றைய கூட்டாட்சிப் பதிவுக்கு அடிப்படை 1946ஆம் ஆண்டின் சட்டமாகும். ஆனால், அங்கே மாநிலத்திற் பதிவதும் குறியே. இங்கே மாகாணத்திற் பதிவது கடைப்பெயர் மட்டுமே. ஆகவே நம்மவர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

மற்றொன்று. தனி நெசவாளர் தம் முத்திரையைப் பதியலாம். ‘மருதமுனை’ என்னும் ஊர்ப்பெயரோ எவரொருவருக்கும் தனியுடைமை ஆகலாகாது. அது தறியில் அமர்ந்த அனைவரதும் முதுசொம். இத்தகைய பொதுச்சொத்துக்கெனக் கூட்டுக் குறி, சான்றுக் குறி என்பவற்றை நமது சட்டமே வகுத்துள்ளது. இலங்கைக் கறுவா 2022இல் ஐரோப்பிய ஒன்றியத்திற் புவியியற் குறியீடாகப் பதிவு பெற்றமை நல்ல முன்மாதிரி.

ஆதலால் நெசவாளர் சங்கங்கள் ஒன்றுகூடி ஆவன செய்தல் வேண்டும். விண்ணப்பம் எழுதுதல் போன்ற பணிகளில் படித்த இளைஞர் துணைநிற்க வேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் இக்கரையில், அயலவர் உழைப்பின் பெயரைக் காப்பது நம் அனைவர்க்கும் கடனாம்.