நிரலும் அதன் இருப்பிடமும்



ஊதியம் கருதாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், பல தேசத்தவர் கூடி எழுதுகின்ற திறமூல மென்பொருளில், எந்த வரியை யார், எப்போது, என்ன காரணத்தால் மாற்றினார் என்பதைப் பிசகாமல் குறித்துவைக்கும் கருவி அத்தியாவசியமானது. லினக்ஸ் கெர்னலை எழுதுவோர் 2002 முதல் பிட்கீப்பர் என்ற வணிகக் கருவியை இலவச அனுமதியின்பேரில் உபயோகித்து வந்தார்கள். 2005-இல் ஒரு தகராறின் விளைவாக அவ்வனுமதி வாபஸ் பெறப்படவே, லைனஸ் டோர்வால்ட்ஸ் சில தினங்களிலேயே ‘கிட்’ கருவிக்கு உருக்கொடுத்தார். அதே மாதத்தில் மாட் மெக்கால் மெர்க்குரியலை வெளியிட்டார். முந்திய கருவியான சப்வெர்ஷனில் முழுச் சரித்திரமும் மத்தியக் கணினி ஒன்றிலேயே அடங்கியிருக்க, இவ்விரண்டிலோ பங்களிப்பவர் ஒவ்வொருவரிடமும் அதன் பூரணப் பிரதி இருக்கிறது.

பைத்தான் மொழியைப் பேணுவோர், நெடுநாள் ஆலோசித்து, 2011-இல் மெர்க்குரியலுக்கு மாறினார்கள். கட்டளைகளின் தெளிவில் அது கிட்டைவிட மேலானது என்பதே என் அபிப்பிராயம். ஆயினும், உதவ முன்வரும் புதியவர்களில் மிகப் பலர், கிட் களஞ்சியங்களுக்கு இடமளிக்கும் கிட்ஹப் தளத்திலேயே பழகியவர்களாக இருந்தமையால், 2017-இல் அவர்களும் அங்கே குடிபெயர்ந்தார்கள். கருவியின் குணத்தைவிட ஜனங்களின் பழக்கமே வென்றது. அதில் எனக்கு வருத்தமில்லை.

நான் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. நிரலின் பிரதி எல்லோரிடமும் இருக்க, பிழை முறையீடுகளும், ஒரு மாற்றத்தை ஏன் ஏற்றோம், ஏன் மறுத்தோம் என்ற விவாதங்களும் இடமளிக்கும் ஸ்தாபனத்திடமே தங்கிவிடுகின்றன. வாடகை வீட்டைக் காலி செய்பவர் பாத்திரங்களை எடுத்துச் செல்லலாம். அங்கே தாம் வெட்டிய கிணற்றை எடுத்துச் செல்ல இயலுமா? கிட்ஹப்பைப் போல நிரலுக்கு இடமளித்த கூகுள் கோட் 2016-இல் மூடப்பட்டது. அத்தகைய மற்றொரு தளமான பிட்பக்கெட் 2020-இல் மெர்க்குரியல் களஞ்சியங்களைக் கைவிட்டது. கிட்ஹப்பையோ 2018-இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கிற்று. க்னோம் என்ற மேசைச்சூழலை எழுதும் திட்டத்தார், இத்தகைய தளத்தை அமைக்க உதவும் கிட்லாப் மென்பொருளைத் தாமே நிறுவி நடத்துகிறார்கள். பெர்லினில், அங்கத்தினர்களே நிர்வகிக்கும் லாபநோக்கற்ற சங்கமொன்று கோட்பெர்க் என்ற தளத்தை நடத்துகிறது. சொந்தமாக நடத்துவது சுலபமன்று. நள்ளிரவில் கணினி நின்றுபோனால் எழுந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். அவ்வசதியில்லாத சிறு திட்டத்தார், பங்களிப்போர் திரளும் இடத்துக்கே போகலாம். ஆனால் விவாதங்களின் பிரதியையும் காலந்தோறும் தம் கைவசம் எடுத்துவைத்துக்கொள்வது அவசியம்.

பைத்தான்காரர்கள் நிரலை இடம் மாற்றிய பின்னும் பிழைப்பதிவேட்டைத் தம் சொந்தத் தளத்திலேயே வைத்திருந்து, 2022-இல்தான் அதையும் கிட்ஹப்புக்குக் கொண்டுபோனார்கள்; பழைய பதிவேட்டை அழித்துவிடாமல், வாசிப்பதற்கு மட்டும் விட்டுவைத்தார்கள்.