பிடித்த பிடி விடாத குறடு



வீட்டில் பழுது பார்க்கும் வேலை வந்தால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? “தம்பி, இங்கே வா, இதைக் கொஞ்சம் பிடி” என்று பிள்ளையைக் கூப்பிடுகிறோம். தகரத்தில் துளை போட வேண்டும். பிள்ளை ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறான். நாம் டிரில்லை அழுத்துகிறோம். ஊசி தகரத்தைத் துளைத்து மறுபக்கம் வரும் நொடியில்தான் ஆபத்து. ஊசி தகரத்தில் மாட்டிக்கொண்டால், தகரமும் ஊசியோடு சேர்ந்து சுழலும். தகரத்தின் ஓரம் கத்திக்குச் சமம். பெரியவர் கையே அதைத் தடுத்து நிறுத்த முடியாது. பிள்ளையின் கை என்ன செய்யும்?

அந்தக் கைக்குப் பதிலாக வைக்க வேண்டிய கருவியைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம். கடையில் ‘வைஸ் கிரிப்’ என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். தமிழில் பூட்டுக் குறடு எனலாம். தோட்டத்துப் பட்டறையில் டிராக்டர் பழுது பார்ப்பவர் கையில் பலரும் இதைப் பார்த்திருப்பீர்கள்.

இதை உருவாக்கியவர் வில்லியம் பீட்டர்சன் என்னும் கொல்லர். டென்மார்க்கிலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குப் போனவர். நெப்ராஸ்கா மாநிலத்தில் டீவிட் என்ற சிற்றூரில் பட்டறை வைத்திருந்தார். பூட்டிக்கொள்ளும் குறட்டுக்கு 1924-இல் அவர் காப்புரிமை பெற்றார். அவ்வூரில் வளர்ந்த தொழிற்சாலை 2008-இல் மூடப்பட்டது.

சாதாரணக் குறட்டை நாம் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். கை தளர்ந்தால் பிடியும் தளரும். இது அப்படியல்ல. முழங்காலை மடக்கியபடி நின்று பாருங்கள், தொடை வலிக்கும். காலை நேராக நீட்டி நின்றால் வெகுநேரம் தாங்கும். இந்தக் குறட்டின் பிடிக்குள்ளும் ஒரு முழங்கால் இருக்கிறது. அழுத்தும்போது அது நேராகி, நேர்கோட்டை இம்மியளவு தாண்டிப் போய் ‘டக்’கென்று நின்றுவிடும். அதற்குப் பிறகு கையை எடுத்துவிடலாம். சிறு நெம்பை அழுத்தும்வரை பிடி விடாது.

பிடியின் கடைசியில் ஒரு திருகு உண்டு. பொருளை வாயில் வைத்து, பற்கள் தொடும்வரை திருகுங்கள். பிறகு வாயைத் திறந்து, திருகை வலப்பக்கம் இன்னும் அரைச்சுற்று திருகி அழுத்துங்கள். பூட்டவே முடியாத அளவுக்கு இறுகினால் கொஞ்சம் தளர்த்துங்கள். பலம் காட்ட வேண்டாம்.

தகரத்தை ஒரு பலகைமேல் வைத்து, இரண்டையும் சேர்த்துக் குறட்டால் கவ்வவைத்துவிட்டால் யாரும் பிடிக்க வேண்டியதில்லை. ஒரு குறடுதான் இருக்கிறதென்றால் மறு ஓரத்தில் இரண்டு ஆணி அடித்து நிறுத்தலாம். பிள்ளை சற்றுத் தள்ளி நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

செம்பனைத் தோட்டத்தில் தள்ளுவண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை தெரியும். உரமும் சேறும் பட்டுச் சக்கரத்தின் நட்டு துருவேறிவிடும். பொருந்தாத ஸ்பேனரைப் போட்டுத் திருகித் திருகி மூலைகள் மழுங்கிப்போகும். பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. துருவைச் சுரண்டி, மண்ணெண்ணெய் ஊற்றி ஓர் இரவு விட்டு, காலையில் இந்தக் குறட்டால் இறுகக் கவ்வித் திருப்புங்கள். பெரும்பாலும் அசைந்து கொடுக்கும். தலை உடைந்த திருகாணியும், கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், இப்படியே வரும். குழாயின் கைப்பிடி உடைந்தால், புதிது வாங்கும்வரை குறட்டையே கைப்பிடியாகப் பூட்டிவைக்கலாம்.

ஆனால் நல்ல நட்டில் இதைப் போடாதீர்கள். ஸ்பேனரைத் தேடச் சோம்பல்பட்டுச் சிலர் எல்லாவற்றுக்கும் இதையே எடுக்கிறார்கள். பற்கள் மூலையைத் தின்றுவிடும். அடுத்த முறை ஸ்பேனர் பிடிக்காது. பிடி வெறும் இரும்பு என்பதால் மின்சாரம் ஓடும் கம்பிப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பாரம் தூக்கவும் இது உதவாது. நெம்பை விடுவிக்கும்போது பிடி துள்ளித் திறக்கும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு 10 அங்குல அளவு போதும். வாங்கும் முன் கடையிலேயே பூட்டித் திறந்து பாருங்கள். பற்கள் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்துகின்றனவா, மூட்டு ஆட்டம் காண்கிறதா என்று கவனியுங்கள். மழைக்காலத்தில் மூட்டுக்கும் திருகுக்கும் இரண்டு சொட்டுத் தையல் எந்திர எண்ணெய் விட்டு, துடைத்து, பூட்டாமல் தொங்கவிடுங்கள்.