திறக்காமலே படிக்கும் நொதி



“இரு இழைகளும் சேர்ந்திருக்கையில், ஜிஏஏடிடிசி என்ற வரிசையை ஈகோ ஆர் 1 நொதி எப்படிக் கண்டுபிடிக்கிறது?” 12ஆம் வகுப்பில் இப்படிக் கேட்கும் மாணவருக்குப் ‘பூட்டும் சாவியும்’ என்ற விடை போதாது என்பேன்.

நொதி இழைகளைப் பிரிப்பதில்லை. டி.என்.ஏ.வின் பெரும்பள்ளத்தில் காரங்களின் ஓரங்கள் வெளியே தெரிகின்றன. ஹைட்ரஜனைத் தரும் தொகுதி, ஏற்கும் அணு, தைமினின் மெத்தில் ஆகியவை அமையும் வரிசை ஒவ்வொரு கார இணைக்கும் வேறு. நொதியின் அமினோ அமிலங்கள் அதைத் தொட்டறிகின்றன. சிறுபள்ளத்தில் ஏ-டி, டி-ஏ வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது.

இந்நொதியுள்ள ஈ.கோலை, தன் டி.என்.ஏ.வின் அதே வரிசையில் ஓர் அடினினுக்கு மெத்தில் சேர்த்துக்கொள்கிறது. அங்கே நொதி வெட்டாது. அந்தக் காப்பின்றி நுழையும் வைரஸ் டி.என்.ஏ. துண்டாகிறது. மெத்தில் சேர்க்கத் தவறினால் பாக்டீரியாவே மடியும்.

கரும்பலகையில் கார இணைகளை வரைந்து, ஓரங்களை மாணவரையே குறிக்கச் சொல்லுங்கள்.