ரோமா மக்களும் லயத்து மக்களும்

(ஏப்ரல் 8, உலக ரோமா தினத்தையொட்டிப் பொகவந்தலாவைக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் எங்கேயோ ஐரோப்பாவில் இருக்கிற சனத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே" என்று பின்வரிசையில் ஒரு அண்ணன் சொன்னது என் காதில் விழுந்தது. நியாயமான பேச்சுத்தான். சம்பளத்துக்கு அடுத்த வாரம் தனிக் கூட்டம் வைத்திருக்கிறோம். இன்றைக்குக் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் நம் தோட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் தோளில் குரங்கு, கையில் பாம்புப் பெட்டி, கைரேகை பார்க்க ஒரு அம்மா என்று சிலர் லயத்துக்கு வருவார்கள். குறவர் என்போம். சிங்களத்தில் அஹிகுண்டிக என்பார்கள். வீட்டில் அவர்கள் பேசுவது தெலுங்கு. அவர்களைக் கண்டதும் நம் அம்மாமார் என்ன சொன்னார்கள்? "கொடியில் கிடக்கிற துணியை எடு. கோழியைக் கூட்டில் அடை." நானும் ஓடிப்போய்க் கோழியைப் பிடித்து அடைத்தவன்தான். துரையும் கடைக்காரனும் நம்மை எப்படிப் பார்த்தார்களோ, அதே கண்ணால் நாம் அவர்களைப் பார்த்தோம். இன்று அவர்களில் பலர் அம்பாறை மாவட்டத்தில் அளிக்கம்பை, அநுராதபுரம் பக்கம் குடாகம போன்ற ஊர்களில் நிலையாகக் குடியிருக்கிறார்கள். ஆனாலும் ஊரில் ஒரு பொருள் காணாமல் போனால் முதல் சந்தேகம் இன்றைக்கும் யார் மேல் விழும் என்று உங்களுக்குத் தெரியும்.

ஐரோப்பாவில் இப்படிப் பார்க்கப்படும் மக்கள்தான் ரோமா. ஊருக்கு ஊர் 'ஜிப்சி' என்று சொல்லி ஏசுவார்கள். ஒரு கோடிக்கு மேற்பட்டவர்கள். ஐரோப்பாவின் சிறுபான்மை இனங்களில் இவர்களே பெரிய இனம். ஏறத்தாழ ஆயிரம் வருடங்களுக்கு முன் வட இந்தியாவிலிருந்து புறப்பட்டுப் போனவர்கள் என்பதை அவர்களுடைய பாஷையே காட்டிக் கொடுக்கிறது. தண்ணீருக்குப் 'பானி' என்பார்கள். எண்ணும்போது யேக், துய், த்ரின் என்று போகும். நாம் டவுன் கடையில் எக்க, தெக்க, துன என்று எண்ணுகிறோமே, அதற்குச் சொந்தக்காரப் பாஷை.

இன்றைய ருமேனியா இருக்கும் பகுதிகளில் அவர்களை அடிமைகளாக விற்றார்கள், வாங்கினார்கள். அது 1856 வரைக்கும் முழுதாக ஒழியவில்லை. அதே காலத்தில்தான் நம் பூட்டன்மார் தலைமன்னாரில் இறங்கிக் காட்டு வழியே நடந்து, வழியில் செத்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு, கோப்பித் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஹிட்லர் காலத்தில் யூதர்களைக் கொன்றது உலகத்துக்குத் தெரியும். ரோமா மக்களைக் கொன்றதை வெகு காலம் யாரும் பேசவில்லை. 1944 ஆகஸ்ட் 2 இரவு ஆஷ்விட்ஸ் முகாமில் மட்டும் பெண்களும் பிள்ளைகளும் கிழவர்களுமாக நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களை விஷவாயுவில் கொன்றார்கள். அந்த நாளை நினைவு நாளாக ஐரோப்பியப் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டது 2015இல். 71 வருடம் கழித்து.

நமக்கு நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம். அடுத்த வருடம் வாக்கும் போனது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 9,75,000 பேரில் இந்தியாவுக்கு இத்தனை, இலங்கைக்கு இத்தனை என்று பங்கு பிரித்தார்கள். நம்மில் ஒருவரைக் கூப்பிட்டு "நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்கவில்லை. நாடற்றவர் என்ற பேர் கடைசியாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது.

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். ரோமா மக்களுக்காக ஐரோப்பாவில் சட்டமும் இருக்கிறது, திட்டமும் இருக்கிறது, காசும் இருக்கிறது. அப்படியிருந்தும் என்ன நடந்தது?

செக் நாட்டில் ஒஸ்த்ராவா என்று ஒரு நகரம். நிலக்கரி தோண்டிய தொழிலாளர் ஊர். அங்கே ரோமாப் பிள்ளைகளைப் புத்தி குறைந்த பிள்ளைகளுக்கான தனிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மற்றப் பிள்ளை ஒன்று அங்கே போவதைவிட ரோமாப் பிள்ளை போவதற்கு 27 மடங்கு வாய்ப்பு இருந்தது. பிள்ளைகளுக்குப் புத்தியில் குறைவில்லை. வீட்டுப் பாஷை வேறு, பரீட்சைப் பாஷை வேறு, அவ்வளவுதான். 18 பிள்ளைகளின் பேரில் வழக்குப் போட்டார்கள். அரசாங்கம் சொன்ன பதிலைக் கேளுங்கள்: "பெற்றோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்." 2007 நவம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இது பாகுபாடு. விளங்காமல் போட்ட கையெழுத்தை வைத்துப் பிள்ளையின் உரிமையைப் பறிக்க முடியாது.

அக்காமாரே, நாம் எத்தனை தாளில் கைநாட்டு வைத்திருக்கிறோம்? கடன் தாள், சேமலாப நிதித் தாள், சிங்களத்தில் மட்டும் அச்சடித்த படிவம். "இந்த இடத்தில் போடு" என்றால் போடுகிறோம். அந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு ஒஸ்த்ராவா ஞாபகத்தில் நிற்கவில்லை. நம் ஆபீஸ் ஜன்னல்தான் நின்றது.

அவ்வளவு பெரிய தீர்ப்பு வந்த பிறகும் அந்த நாட்டில் ரோமாப் பிள்ளைகள் தனி வகுப்பில் உட்காருவது வருடக்கணக்காக நிற்கவில்லை. 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் மேலே போய், ஒவ்வொரு நாடும் ரோமா மக்களுக்குக் கல்வி, தொழில், சுகாதாரம், வீடு என்று நான்கிலும் தேசியத் திட்டம் போட வேண்டும், 2020க்குள் பலன் தெரிய வேண்டும் என்றது. நாடுகளும் போட்டன. ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் நிறுவனம் வீடு வீடாகப் போய் விசாரித்தது. 2016இல் 100 ரோமாக்களில் 80 பேர் வறுமை எல்லையில் இருந்தார்கள். 2021இல் திரும்பவும் விசாரித்தார்கள். அதே 80.

ஏன் என்று பல பேர் பல காரணம் சொல்கிறார்கள். என் கணக்கில் இரண்டு. திட்டத்தை எழுதியவர்கள் தலைநகரத்தில் இருந்தார்கள். தண்ணீர்க் குழாய் போடுவது, பாதை போடுவது, பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது எல்லாம் ஊர்ச் சபையின் கையில் இருந்தது. பல ஊர்ச் சபைக்கு ரோமாவுக்குச் செய்ய மனமில்லை, செய்தால் மற்றவர்கள் வாக்குப் போட மாட்டார்கள். இரண்டாவது, மேசையில் ரோமா இல்லை. 2020 அக்டோபரில் புதிதாகப் பத்து வருடத் திட்டம் போட்டபோது சமத்துவம், உள்வாங்கல் என்பவற்றோடு 'பங்கேற்பு' என்ற சொல்லையும் சேர்த்தார்கள். தங்களைப் பற்றிப் பேசும் இடத்தில் தாங்கள் இருக்க வேண்டும் என்று ரோமா அமைப்புகள் வருடக்கணக்காகக் கேட்டுத்தான் அந்தச் சொல் உள்ளே வந்தது.

கேட்டால் நடக்கும் என்பதற்கும் அங்கேயே உதாரணம் உண்டு. ஊஸ்தி நாத் லாபெம் என்ற செக் நகரத்தில் 1999 அக்டோபரில் மாத்திச்னி தெருவில் ரோமாக் குடும்பங்களை மறைத்து ஒரு மதில் கட்டினார்கள். அப்போது செக் நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரக் காத்திருந்த நேரம். வெளியிலிருந்து நெருக்குதல் வந்தது. ஆறு வாரத்தில் மதிலை இடித்தார்கள்.

நமக்கு வருகிறேன். 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டித்தான் இவ்வளவு காலமும் நம்மை வெளியில் வைத்தார்கள். வாக்குப் போட்டது நாம். சபைக்கு ஆள் அனுப்பியது நாம். லயத்துப் பாதைக்கு ஒரு லொறி கல் கொட்டச் சொன்னால், "அது தோட்டக் காணி, சபைக் காசைச் செலவழிக்க முடியாது" என்றார்கள். 2018இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அதே வருடத் தேர்தலில் அம்பகமுவ பிரதேச சபையும் மூன்றாகி, நமக்கு நோர்வூட் பிரதேச சபை வந்தது. தடை நீங்கிவிட்டது, சபையும் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் இங்கே இருப்பவர்களில் எத்தனை பேர் அந்தச் சபைக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம். நான்கு. ஐந்து. சரி.

இதில் ஒரு விஷயத்தை மட்டும் இன்று எடுத்துக்கொள்வோம். முகவரி.

என் தங்கச்சி உயர்தரம் பாஸ் பண்ணினவள். ஆசிரியர் நியமனத்துக்கு விண்ணப்பம் போட்டாள். நேர்முகத்துக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. வந்த இடம் தோட்டத்து ஆபீஸ். அது எந்தத் தோட்டம் என்பதை விடுங்கள். அங்கே ஒரு கட்டுக்குள் கிடந்து, பிறகு யாரோ ஒருவர் கையில் போய், எங்கள் காம்பராவுக்கு வரும்போது நேர்முகம் முடிந்து பதினொரு நாள். அம்மா அந்தக் கடிதத்தைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். தங்கச்சி இன்று ஐம்பது வயதை நெருங்குகிறாள். கொழுந்துதான் எடுக்கிறாள். அவளுக்கு ஒரு சட்டமும் அநியாயம் செய்யவில்லை. வீட்டுக்கு நம்பர் இல்லை, பாதைக்குப் பேர் இல்லை. மேற்பிரிவு, இன்ன தோட்டம், பொகவந்தலாவை என்று எழுதினால் அந்த முகவரியில் இருபது குடும்பம். அதில் மூன்று ராமாயி.

அதனால் கிளைக் கமிட்டி முடிவு செய்திருக்கிறது. ஒவ்வொரு லயத்துக்கும் வீட்டு இலக்கம், ஒவ்வொரு பாதைக்கும் பெயர், கடிதம் வீட்டு வாசலுக்கு. இதைக் கேட்டு நோர்வூட் பிரதேச சபைக்கும், தபால் திணைக்களத்துக்கும், பிரதேச செயலகத்துக்கும் மனுக் கொடுக்கிறோம். காணி உறுதி கேட்கும் போராட்டம் தனியாக நடக்கும், அதை விடவில்லை. ஆனால் பத்திரம் வரும் நாளில் அதில் எழுதுவதற்கும் ஒரு முகவரி வேண்டுமே.

ஐரோப்பியர்களிடமும் நாம் பேச வேண்டும். ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை 2010இல் இலங்கைக்கு நிறுத்தப்பட்டு 2017இல் திரும்ப வந்தது. நம் பிள்ளைகள் கார்மெண்டில் தைக்கும் உடுப்பு அந்தச் சலுகையில்தான் அங்கே போகிறது. பதிலுக்கு 27 சர்வதேச உடன்படிக்கைகளை அரசாங்கம் நடைமுறைப்படுத்த வேண்டும். இனப்பாகுபாட்டுக்கு எதிரான உடன்படிக்கையும் அதில் ஒன்று. கண்காணிக்க வரும் குழுவிடம், முகவரி இல்லாத லயங்களின் பட்டியலைப் பேரோடு கொடுப்போம். அப்படியே அவர்கள் ஊரில் ரோமாப் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்றும் விசாரிப்போம். கோபப்பட மாட்டார்கள். பட்டாலும் பரவாயில்லை.

மனு தமிழிலும் சிங்களத்திலும் அந்த மேசையில் இருக்கிறது. ஒவ்வொரு பிரிவிலிருந்தும் மூன்று பேர், அதில் இரண்டு பேர் பெண்கள், சபைக் கூட்ட நாளில் எங்களோடு நோர்வூட்டுக்கு வர வேண்டும். அன்றைக்குப் பேர் போகும் என்று பயப்படாதீர்கள். அரைப்பேர் போட்டாலும் அந்தக் குறையைக் கிளையின் சந்தாக் காசிலிருந்து கொடுப்பதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார். உங்கள் லயத்தில் எத்தனை வீடு, எந்தப் பாதை என்று தம்பிமாரிடம் சரியாகச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுமுன் மனுவை முழுதாக வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதை எழுதியவன் நான்தான். என்றாலும் வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகு போடுங்கள்.