ஏழைக் குடும்பமும் இளைஞர் வளர்ச்சியும்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஏழை மக்கள் வாழும் இடங்களில் வளரும் பிள்ளைகளுக்குக் குடும்பம் எவ்வாறு துணை நிற்கிறது என்பது குறித்துப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். பொதுப்படப் பேசினால் இதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆகையால், நான் ஆசிரியப் பணி செய்த நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைச் சிற்றூர்களையே எடுத்துக்கொள்கிறேன்.

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டன. தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசார் கேட்ட நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றுவிட்டது. களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே எல்லை விழுந்தது. உறவுக்கு இடையே விழவில்லை. அக்காள் ஒரு மாநிலத்தில் வாக்களிப்பாள். தங்கை மறு மாநிலத்தில் வாக்களிப்பாள். கொடை விழாவுக்கு இருவரும் ஒரே வீட்டில் கூடுவார்கள்.

அப்பகுதியின் ஏழை வீடுகளுக்குப் பொதுவான ஓர் இயல்பு உண்டு. அங்கே ஒவ்வொரு கையும் கணக்கில் உள்ள கை. பனைத்தொழில் செழித்திருந்த நாளில் ஆண்மகன் பனையேறுவான். மனைவி அக்கானியைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவாள். பிள்ளைகள் விளைகளில் சுற்றிச் சுள்ளி பொறுக்கி வருவார்கள். சுள்ளி இல்லையேல் அடுப்பு இல்லை. அடுப்பு இல்லையேல் அன்றைய அக்கானி புளித்துப்போம்.

நெசவிலும் இதே நிலைதான். நெய்யாற்றின்கரை வட்டத்துப் பாலராமபுரத்தைப் பலரும் அறிவீர்கள். 1798 முதல் 1810 வரை ஆண்ட பாலராமவர்ம மகாராஜாவின் காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கமிருந்து சாலியர் குடும்பங்களை வரவழைத்து அங்கே குடியேற்றினர். அரண்மனைக்குத் துணி நெய்ய வந்த அவர்களும் நம்மைப் போலப் பிழைப்பு நாடி வந்த தமிழரே. ஒரு வேட்டி தறிக்கு வருமுன் எத்தனை கைகள் படுகின்றன! வீட்டுப் பெண்கள் தார் சுற்ற வேண்டும். விடியற்காலையில் பாவைத் தெரு நெடுகக் கட்டி, கஞ்சி பூசி ஆற்றி, வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். அதற்கு ஒரு குடும்பம் போதாது. தெருவே இறங்க வேண்டும்.

இத்தகைய வீட்டிலிருந்து ஒரு பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது எளிய செயலா? பள்ளியில் சம்பளம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் வீட்டில் ஒரு கை குறைகிறது. அந்தக் கை செய்த வேலையை வேறு யாரோ செய்தாக வேண்டும். குடும்ப ஆதரவு என்று நாம் இலேசாகச் சொல்வது, கூர்ந்து பார்த்தால், வீட்டில் இன்னொருவர் விட்டுக்கொடுத்த பங்குதான். பெரும்பாலும் அந்த இன்னொருவர் மூத்த பெண்.

எல்லைக்கு இப்பால், கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்து யாவரும் அறிந்த சான்று ஒன்று உண்டு. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைவராக 2018 முதல் 2022 வரை இருந்த திரு. சிவன், நாகர்கோவிலை அடுத்த சரக்கல்விளையில் உழவர் வீட்டில் பிறந்தவர். தமிழ்வழி அரசுப் பள்ளியில் பயின்றவர். வயல்வேலைக்குத் துணை வேண்டுமென்று தந்தையார் அவரை வீட்டுக்கு அருகிலிருந்த கல்லூரியிலேயே சேர்த்தார். பொறியியல் படிக்க வேண்டுமென்று மகன் உண்ணாமலிருந்தும் தந்தையார் இசையவில்லை. மகன் கணிதப் பட்டப் படிப்பில் சேர்ந்தார். பட்டம் பெற்றபின் அதே தந்தையார் நிலத்தை விற்று, சென்னைக்குப் பொறியியல் படிக்க அனுப்பினார். இவற்றைத் திரு. சிவன் அவர்களே நேர்காணலில் கூறியிருக்கிறார்.

முதலில் மறுத்த தந்தையை நாம் கடிந்துகொள்ள வேண்டியதில்லை. மறுத்ததும் வறுமை பற்றி. நிலத்தை விற்றது அந்த வறுமையையும் மீறி. ஆனால் இக்கதையைச் சொல்லுவோர் விரைந்து கடந்துவிடும் செய்தி ஒன்று உண்டு. அவருடைய சகோதரருக்கும் சகோதரியர் இருவருக்கும் வறுமையால் மேற்படிப்பு நிறைவேறவில்லை. அவர்களையும் சேர்த்துச் சொன்னால்தான் அது ஒரு குடும்பத்தின் கதையாகும்.

வெளிநாட்டிலும் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஹவாய்த் தீவுக் கூட்டத்தில் கவாய் என்றொரு தீவு. கரும்புத் தோட்ட வேலைக்காகப் பல நாடுகளிலிருந்து வந்தவர்களின் வழியினர் அங்கே மிகுதி. எம்மி வெர்னர், ரூத் சுமித் என்னும் இரு பெண்மணிகள் அங்கே 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை நடுவயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமையும் வீட்டுக் குழப்பமும் சூழ்ந்து, பெருந்தொல்லைக்கு ஆளாவர் என்று கருதப்பட்ட பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் நல்ல மனிதராகவே வளர்ந்தனர். அவர்களுக்குப் பொதுவாக இருந்தது என்ன? உறுதியாய் நின்ற ஒருவரேனும் உடனிருந்தார். அவர் பெற்றோராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டியாகவோ, அத்தையாகவோ, ஆசிரியராகவோ இருந்தார். இன்னொன்று: தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்வது போன்ற, வீட்டுக்கு மெய்யாகவே தேவைப்பட்ட ஒரு பொறுப்பு அவர்களிடம் இருந்தது. அளவான பொறுப்பு ஊன்றுகோல். அளவு மீறினால் அதே பொறுப்பு படிப்பை விழுங்கிவிடும். சுள்ளி பொறுக்கிய பிள்ளைகளில் இருவகையினரையும் நான் கண்டிருக்கிறேன். சாராயம் புகுந்த வீட்டைப் பற்றித் தனியே சொல்ல வேண்டுமோ? அங்கே பிள்ளையைக் காத்தவர் யார் என்று கேட்டால் அனேகமாகப் பாட்டியின் பெயரே வரும்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகள் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெற வசதி செய்ய வேண்டும் என்னும் 350-ஏ பிரிவு, எல்லை பிரித்த அதே 1956-இல்தான் அரசியல் சட்டத்தில் சேர்ந்தது. எனினும் எல்லைச் சிற்றூர்களில் பல பிள்ளைகள் மலையாளத்தில்தான் படித்தார்கள். தந்தைக்கு வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டுமே. அப்படிப்பட்ட தந்தையர் சிலர் மாலையில் பிள்ளையை அருகில் இருத்தி, பாடத்தை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். எழுத்துத் தெரியாவிட்டாலும் எங்கே தடுமாறுகிறான் என்பது காதுக்குத் தெரியும். ‘மறுபடி வாசி’ என்பார்கள். அவ்வளவுதான் அவர்கள் கொடுத்த பாடம். பிற மொழிப் பாடநூலைக் கண்டதும், ‘இது நமக்குத் தெரியாது, டியூஷனுக்குப் போ’ என்று விலகும் நம் காலனிப் பெற்றோருக்கு இது உதவும் என்றே சொல்கிறேன்.

இங்கே வீற்றிருக்கும் நம்மில் பலர், அத்தகைய வீடுகளில் படிக்க அனுப்பப்பட்ட அந்த ஒருவர். நமக்காகப் பள்ளியை விட்டு நின்ற அக்காள் ஊரில் இருக்கிறாள். மாதந்தோறும் பணம் அனுப்புகிறோம், நன்று. அவளுடைய மகள் மேற்படிப்புக்கு வழியின்றி நிற்கிறாளா என்று கேட்டோமா? நம் குவார்ட்டர்சில் ஒரு பாய் விரிக்க இடமில்லையா? அன்று அவள் கொடுத்தது நம் வசதியில் ஒரு சிறு பங்கன்று. தன் பங்கு முழுவதையும் கொடுத்தாள்.

அடுத்தது, இக்காலனியிலேயே உள்ள ஒப்பந்தத் தொழிலாளர் பிள்ளைகள். ஊரில் பாட்டி, இங்கே பூட்டிய கதவு. சங்கத்து நூலக அறை மாலை ஆறு மணிமுதல் எட்டு மணிவரை பெரும்பாலும் வெறுமையாக இருப்பதாகச் செயலாளர் கூறினார். ஓய்வு பெற்ற பெரியவர்களும் தாய்மார்களும் முறைவைத்து அங்கே வந்து அமர்ந்தால், அப்பிள்ளைகள் உரக்க வாசிப்பதைக் கேட்கலாம். கற்பிக்க வேண்டுவதில்லை, கேட்டாற் போதும். வாரத்தில் ஒரு மாலை என்று எழுபேர் பெயர் கொடுத்தால் வரும் திங்கட்கிழமையே தொடங்கலாம். பெயர் எழுதும் தாள் மேடையருகே செயலாளரிடம் இருக்கிறது.