மித்தி ஆற்றங்கரையில் ஒரு ஞாயிறு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் சொற்பொழிவாளன் அல்லன். இரயில்வேயில் கணக்கு எழுதுபவன். நம் குடியிருப்புக் குழந்தைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றதைப் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்தமையால் நிற்கின்றேன்.

சிறுவயதில் சாரணர் படையுடன் முக்கொம்பில் காவிரிக்கரையில் கூடாரமடித்து இரண்டு இரவுகள் தங்கினேன். நாங்கள் பொங்கிய சோறு பாதி குழைந்தும் பாதி வேகாமலும் இருந்தது. ஆயினும் அதன் சுவை இன்னும் நாவில் நிற்கிறது. இக்கதையைக் கேட்டுச் சலித்த என் மகன் ஒருநாள், "நம் ஊரில் ஆறு இல்லையா அப்பா?" என்றான். அவனுக்கு நம் ஊர் என்பது மும்பை. "இல்லை" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மாஹிமுக்கும் பாந்திராவுக்கும் இடையே வண்டி பாலத்தைக் கடந்தபோது வெட்கினேன். எத்தனை ஆண்டுகள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்த நீர் அது!

அதுவே மித்தி ஆறு. 1860-இல் கட்டப்பட்ட விகார் ஏரியிலிருந்து வழியும் நீரும், பவாய் ஏரியின் நீரும் சேர்ந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர் ஓடி மாஹிம் கழியில் கலக்கின்றன. இந்நகர் முதன்முதலில் குழாயில் பருகியது விகாரின் நீரையே. கரைகளை நெருக்கிக் கட்டினோம். கழிவையெல்லாம் அதில் விட்டோம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது ஆறு தன் இடத்தைக் கேட்டது. அன்றிரவு நான் அலுவலக மேசைமீது படுத்திருந்தேன்; தாராவியில் நம்மவர் பலர் மார்பளவு நீரில் நின்றனர்.

அந்தத் தாராவியை ஒட்டியே, ஆற்றங்கரையில், 37 ஏக்கர் இயற்கைப் பூங்கா ஒன்று இருக்கிறது. முன்பு அது நகரத்துக் குப்பைமேடு. 1983-இல் பறவையியல் அறிஞர் சலீம் அலி அங்கே முதல் மரக்கன்றை நட்டார். 1994-இல் பூங்கா திறக்கப்பட்டது. பன்னிரண்டு குழந்தைகளுடன் சென்றோம். கூடாரம் அடிக்கவில்லை, புளிச்சோற்றுப் பொட்டலங்களையும் வெளியே வந்துதான் பிரித்தோம். உள்ளே நிழலோ நிழல்! உடன் வந்த பாட்டியார் ஒருவர் புங்கமரம் ஒன்றைத் தொட்டு, "எங்கள் ஊர்க் குளத்தங்கரை மரம்" என்று அங்கேயே அமர்ந்துவிட்டார். குழந்தைகள் பட்டாம்பூச்சிகளின் பின்னே ஓடினர்.

என் மகன் மட்டும் கரையோரத்து அலையாத்தி மரங்களைப் பார்த்து நின்றான். வேர்களில் பிளாஸ்டிக் பைகள் சுற்றியிருந்தன. அவற்றினிடையே வெண்கொக்கு ஒன்று மீன் தேடியது. "மேலே இந்த நீர் தெளிவாக இருக்குமா?" என்றான்.

அதற்கு விடை காண, மழை விட்டதும் போரிவிலிக் காட்டுக்குப் போகிறோம். விகார் ஏரி அக்காட்டின் மடியில்தான் இருக்கிறது; பௌத்தத் துறவிகள் பாறையில் நீர்த்தொட்டிகள் குடைந்த கன்னேரிக் குகைகளும் அங்கேதான். வர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். கட்டுச்சோறு அவரவர் வீட்டிலிருந்து. நான் சமைக்கப் போவதில்லை.